வளைவில் நிற்கும் தண்ணீர்

நான் செராமிக் எஸ்டேட்டில் ஒரு கோப்பைக் கம்பெனியில் செக்கிங் வேலை பார்க்கிறேன். கோப்பை என்றதும் டீ குடிப்பது என்று நினைத்துக்கொள்ள வேண்டாம். கழிப்பறைக் கோப்பை. பெண் பார்க்க வந்தவர்களிடம் என் அப்பா "பீங்கான் கம்பெனியில வேலை" என்று மட்டும் சொல்லிவைத்திருந்தார். எந்தப் பீங்கான் என்பது தாலி ஏறிய பிறகுதான் இந்த வீட்டுக்குத் தெரிந்தது. மாமனார் ஆதிநாராயணன் விழுந்து விழுந்து சிரித்தார். மாமியார் அம்சவல்லி ஒரு வாரம் என் கையால் ஒரு வாய் தண்ணீர்கூட வாங்கிக் குடிக்கவில்லை.

என் வேலை சுலபமானது. சூளையிலிருந்து வந்த கோப்பையில் ஒரு பக்கெட் தண்ணீரை ஊற்றுவேன். கோப்பைக்கு அடியில் ஒரு வளைவு உண்டு. ட்ராப் என்போம். ஊற்றிய தண்ணீர் எல்லாம் ஓடிவிடாது. கடைசியில் கொஞ்சம் அந்த வளைவில் தங்கி நிற்கும். அந்தத் தண்ணீர்தான் கதவு. அதற்கு அந்தப் பக்கம் செப்டிக் டேங்க், இந்தப் பக்கம் வீடு. டேங்கில் ஊறும் காற்று வீட்டுக்குள் வராமல் தடுப்பது இரும்பும் இல்லை, சிமெண்டும் இல்லை, இரண்டு அங்குலத் தண்ணீர். நான் ஸ்கேலை விட்டு அளப்பேன். இரண்டு அங்குலம் இருந்தால் பச்சை முத்திரை. குறைந்தால் சிவப்பு.

சிவப்பு விழுந்த கோப்பையைக் கம்பெனி உடைத்துவிடாது. 'செகண்ட்ஸ்' என்று வேலை செய்கிறவர்களுக்கே சல்லிசாகக் கொடுத்துவிடும். எங்கள் ஊரில் பாதி வீடுகள் இப்படித்தான். கோணல் வாஷ்பேசின், ஒரு காது இல்லாத பொம்மை, நிறம் மாறிய டைல்ஸ். வெளியூர்க்காரனுக்கு முழுசாக அனுப்பிவிட்டு, ஊனமானதை எல்லாம் நாங்கள் வைத்துக்கொண்டு குடித்தனம் நடத்துகிறோம். அதில் யாருக்கும் வெட்கம் கிடையாது. சொல்லப்போனால் கொஞ்சம் பெருமைதான்.

இரண்டு வருஷத்துக்கு முன்னால் மாமாவுக்கு வாதம் அடித்துப் படுக்கையில் விழுந்தபோது, அவர் அறையை ஒட்டி ஒரு பாத்ரூம் கட்டினோம். அதற்கு நான்தான் கோப்பை கொண்டுவந்தேன். பளபளவென்று, கீறல் இல்லாமல், ராஜா மாதிரி இருந்தது. சூளையில் அதன் வளைவு சற்று இளகி உட்கார்ந்துவிட்டது, அவ்வளவுதான். தண்ணீர் ஒன்றேகால் அங்குலம்தான் நின்றது. சிவப்பு முத்திரை குத்தியது நான். நம்ம வீட்டுக்குத்தானே, தினமும் தண்ணீர் ஊற்றப்போகிறோம், என்ன ஆகிவிடும் என்று ஆட்டோவில் ஏற்றிக்கொண்டு வந்ததும் நான்தான்.

மாசி மாதம் மாமா போய்ச் சேர்ந்தார். மங்களூரிலிருந்து வந்த பெரிய நாத்தனார் அழுகையை நிறுத்தியதும் கேட்ட முதல் கேள்வி, "என்னா நட்சத்திரம்?" ஜோசியர் ராஜாங்கம் பஞ்சாங்கத்தைப் புரட்டினார். அவிட்டம். அவிட்டத்தில் செத்தால் அடைப்பு. உயிர் போன அறையை ஆறு மாதம் பூட்டிவைக்க வேண்டும். திறந்தால், போனவர் திரும்பி வந்து வீட்டில் இன்னொருவரைக் கையோடு கூட்டிக்கொண்டு போவார் என்பது கணக்கு.

கருமாதி முடிந்த அன்று அத்தை அறையைக் கூட்டினார். கட்டிலில் புதுப் பாய் விரித்தார். ஜன்னலைச் சாத்தினார். பாத்ரூமுக்குள் போய்க் கோப்பையின் மூடியையும் சாத்திவிட்டு வந்து, அறைக்கதவைப் பூட்டிச் சாவியை மாடத்தில் வைத்தார். நான் பக்கத்தில் நின்று பார்த்துக்கொண்டிருந்தேன். ஒரு நாளைக்கு இருபது கோப்பைக்குத் தண்ணீர் அளக்கிற எனக்கு, ஆறு மாதம் தண்ணீர் படாத ஒரு கோப்பையின் நினைப்பு அப்போது வரவே இல்லை. இதை எழுதும்போது என்மேல் எனக்கு வருகிற ஆத்திரம் கொஞ்சநஞ்சமல்ல.

பங்குனி வெயில் எங்கள் ஊரில் சட்டி வறுக்கிற வெயில். பூட்டிய அறைக்குள் அது இன்னும் அதிகம். நாற்பத்தைந்து நாள் ஆகியிருக்கும், ஒரு காலை நான் கூடத்தைப் பெருக்கும்போது அந்த வாசனை வந்தது. அழுகிய முட்டை மாதிரி. கதவின் அடியில் இருந்த விரல் அகல இடைவெளி வழியாக வந்தது. பெருக்குமாறைக் கீழே போட்டுவிட்டுத் தரையில் குனிந்து முகர்ந்தேன். வளைவு காய்ந்துவிட்டது என்று உடனே தெரிந்துவிட்டது.

என் வீட்டுக்காரர் அறிவழகன் லோடு ஆட்டோ ஓட்டுகிறார். நல்ல மனிதர்தான். ஆனால் அம்மாவும் ஜோசியரும் சேர்ந்து சொன்னால் அது அரசாங்க உத்தரவு.

"ஏங்க, ஒண்ணும் இல்லீங்க. கோப்பையில தண்ணி வத்திப்போச்சு. ரெண்டு நிமிஷம் கதவத் தொறந்து ஒரு பக்கெட் தண்ணி ஊத்தினா போதும், நாத்தம் நின்னுடும்" என்றேன்.

"ஆறு மாசம் முடியட்டும். ஊத்திக்கலாம்."

"அது வரைக்கும் டேங்க்குக் காத்த மூந்துக்கிட்டு இருக்கிறதா?"

அவர் ஜோசியரிடம் கேட்டு வந்தார். ராஜாங்கம் யோசித்துச் சொன்னாராம்: அந்த அறையில் தண்ணீர் ஊற்றினால் போனவருக்குத் தாகம் தீர்த்த மாதிரி ஆகிவிடும். தாகம் தீர்ந்த இடத்தை விட்டு யார் போவார்கள்? அதனால் சொட்டுத் தண்ணீர் கூடாது. இதைக் கேட்டு எனக்குச் சிரிப்பதா சுவரில் முட்டிக்கொள்வதா என்று தெரியவில்லை. ஒரு பக்கெட் தண்ணீருக்கும் எங்களுக்கும் நடுவில் இப்படி ஒரு மனிதர் பஞ்சாங்கத்தோடு உட்கார்ந்திருந்தார்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை எல்லோரும் கொளஞ்சியப்பர் கோயிலுக்குப் போயிருந்தபோது, பக்கத்துச் சந்துக்குப் போய்ப் பாத்ரூம் வெண்டிலேட்டரின் கண்ணாடிப் பட்டை ஒன்றைக் கழற்றி, ஓஸை உள்ளே விட்டுத் தண்ணீரைத் திறந்தேன். தண்ணீர் தரையில் விழுந்து ஓடும் சத்தம் கேட்டது. தரையில் இருக்கிற வடிகாலின் வளைவு நிறைந்திருக்கும். கோப்பைக்குள் ஒரு சொட்டும் போகவில்லை, மூடிதான் சாத்தியிருந்ததே. மூடியின்மேல் தண்ணீர் தடதடவென்று அடித்ததைக் கேட்டுக்கொண்டு மரம் மாதிரி நின்றேன்.

"யாருக்குடி தண்ணி காட்டுற?"

திரும்பினால் அத்தை. கோயிலுக்குப் போகாமல் பாதியிலேயே திரும்பிவிட்டிருக்கிறார். நான் ஓஸை இழுத்துக்கொண்டு எல்லாவற்றையும் சொன்னேன். வளைவு, தண்ணீர், டேங்க், கெட்ட காற்று எல்லாம். பொறுமையாகக் கேட்டார். அவர் ஒன்றும் முட்டாள் இல்லை.

"நாத்தம் நாத்தம்னு சொல்லாத, இளமதி" என்றார். "ரெண்டு வருஷம் அந்த மனுஷன் படுக்கையிலயே போனப்ப, அள்ளினது யாரு? தொடச்சது யாரு? நீங்க ரெண்டு பேரும் மூக்கப் பொத்திக்கிட்டு வாசலோட நின்னீங்க. நான் அந்த நாத்தத்துலதான் கெடந்தேன், அதுலதான் சோறு தின்னேன், அதுலதான் தூங்கினேன். இது உங்க மாமா வாசன. அவரு இங்கதான் இருக்காரு. இருந்துட்டுப் போவட்டும்."

மூக்கைப் பொத்தியது உண்மை. அதன் பிறகு நான் அந்தப் பேச்சை வலுவாக எடுக்கவில்லை. எடுத்திருக்க வேண்டும். அன்று மாலை அத்தை மாடத்திலிருந்த சாவியை எடுத்து, இடுப்பில் செருகியிருக்கும் வெள்ளிச் சாவிக் கொக்கியில் மாட்டிக்கொண்டார்.

சித்திரை போயிற்று. அத்தைக்குத் தலைவலி வரத் தொடங்கியது. கண் சிவந்து நீர் வடிந்தது. எழுந்தால் கிறுகிறுப்பு. சர்க்கரை என்றார்கள், வெயில் என்றார்கள். மாமாவின் தம்பி நல்லூர் சித்தப்பா வந்து பார்த்துவிட்டு, "அண்ணன் கூப்புடுறாரு போலிருக்குது" என்று என் காதுபடவே சொன்னார். அத்தை அதைக் கேட்டு வெட்கப்பட்டார். கல்யாணப் பெண் மாதிரி வெட்கப்பட்டார்.

வைகாசியில் ராஜாங்கம் வந்து பரிகாரம் செய்தார். அறைக்கதவுக்கு முன்னால் பூசணிக்காய் சுற்றி, சாம்பிராணி போட்டு, கதவு நிலைக்கு மஞ்சள் துணி கட்டிவிட்டுப் போனார். மூன்றாம் நாள் காலையில் அத்தை பிள்ளையிடம் சொன்னார்:

"அறிவு, இப்ப வாசனையே இல்லடா. மூணு நாளா ஒண்ணும் தெரியல."

அவர் குரலில் வருத்தம்தான் இருந்தது. நான் வேலைக்குக் கிளம்பிக்கொண்டிருந்தேன். எனக்கு வாசனை தெரிந்தது. வாசற்படி வரைக்கும் தெரிந்தது. அவசரத்தில் அவருக்கு மூக்கடைப்போ என்று நினைத்தேன். காப்பி டம்ளரை வாங்கும்போதுதான் அவர் இடுப்பைப் பார்த்தேன். வெள்ளிக் கொக்கி கன்னங்கரேல் என்று இருந்தது.

"என்னா அத்த, கொக்கி இப்படிக் கறுத்துப்போச்சு?"

"வேர்வைம்மா. போன மாசந்தான் வெளக்கினேன். நீ போ, பஸ்ஸு போயிடும்."

மத்தியானம் கம்பெனியில் சாப்பிட்டு முடித்ததும் செக்கிங் சூப்பர்வைசர் கொளஞ்சிநாதனிடம் பேச்சோடு பேச்சாகக் கேட்டேன். வெள்ளி எதனால் கறுக்கும் என்று. அவர் பல்லைக் குத்திக்கொண்டே சொன்னார்:

"டேங்க்கு கேஸுல கறுக்கும். எங்க மச்சான் செப்டிக் டேங்க் லாரி ஓட்டுறான், அவன் அரணாக்கொடி எப்பவும் கரிக்கட்டதான். ஆனா சும்மா ஓரத்துல நின்னா அவ்ளோ கறுக்காதும்மா. உள்ளயே கெடக்கணும்."

"மூக்குக்கு வாசன வராமப் போவுமா?"

"அந்த கேஸு கொஞ்சம் அதிகமானா மூக்கு செத்துடும். நாத்தம் அடிக்கிற வரைக்கும் தப்பிச்சு ஓடலாம். அடிக்கலன்னு ஒருத்தன் உள்ளேர்ந்து சொன்னான்னா, அவன வெளிய இழுத்துப் போட்டுடணும்."

சாப்பாட்டுப் பையை எடுக்கவும் தோன்றவில்லை. கதவுக்கு வெளியே கூடத்தில் இருந்திருந்தால் அத்தையின் கொக்கி அப்படிக் கறுத்திருக்காது. நாங்கள் இருவரும் வேலைக்குப் போன பிறகு, தினமும், அவர் அந்த அறையைத் திறந்து உள்ளே போய்ப் படுத்துக்கொள்கிறார். இத்தனை நாளாக. நான் ஷேர் ஆட்டோவில் ஏறி எஸ்டேட்டிலிருந்து எங்கள் வீடு இருக்கும் பாலக்கரை வரும் வரைக்கும் போன் அடித்துக்கொண்டே வந்தேன். வீட்டில் யாரும் எடுக்கவில்லை.

வீட்டுக் கேட்டைத் தொட்டதும் அந்த நாற்றம் மூஞ்சியில் அடித்தது. உள்ளே கூடத்தில் அறிவழகன் பாயில் படுத்திருந்தார். பதினொரு மணிக்கே வந்துவிட்டாராம், மண்டை பிளக்கிறதாம். கண் இரண்டும் ரத்தமாகச் சிவந்திருந்தது.

"நாத்தம் தெரியலையா உங்களுக்கு?"

"என்னா நாத்தம்? ஒண்ணும் இல்லியே."

"அத்த எங்க?"

"கோயிலுக்குப் போயிருப்பாங்க. ஏன் கத்துற?"

அத்தையின் செருப்பு வாசலில் கிடந்தது. நான் அறைக்கதவைத் தள்ளினேன். உள்தாழ்ப்பாள் போட்டிருந்தது.

அறிவழகன் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு வாசலுக்கு ஓடினேன். கால் பின்னியது அவருக்கு. வெளிக்காற்று பட்டதும் அங்கேயே வாந்தி எடுத்தார். எதிர்க்கடை அமீனுதீன் பாய் ஓடிவந்தார்.

"பாய், இவரப் புடிச்சுக்குங்க. உள்ள வுடாதீங்க. யாரையும் உள்ள வுடாதீங்க" என்று சொல்லிவிட்டுச் சந்துக்கு ஓடி, கல்லை எடுத்து ஜன்னல் கண்ணாடியை உடைத்தேன். வெண்டிலேட்டரை உடைத்தேன். மூச்சை அடக்கிக்கொண்டு எட்டிப் பார்த்தேன். அத்தை கட்டிலில் ஒருக்களித்துப் படுத்திருந்தார். ஒரு கை பக்கத்தில், மாமா படுக்கிற இடத்தில் நீட்டிக் கிடந்தது.

"அம்மா உள்ள இருக்குதா? வுடு பாய், என்னா வுடு!" அவர் திமிறிக்கொண்டு கதவை உடைக்க ஓடினார். நான் பாய்ந்து இடுப்பைக் கட்டிக்கொண்டேன். "இப்பத் தொறந்தா நீங்களும் அங்கயே வுழுவீங்க. காத்து போவட்டும், பத்து நிமிஷம், பத்தே நிமிஷம்" என்று கத்தினேன். பெற்ற தாய் உள்ளே கிடக்கும்போது பத்து நிமிஷம் நிற்கச் சொன்ன பெண்டாட்டி நான். அவர் என் கன்னத்தில் அறைந்தார். நான் பிடியை விடவில்லை.

அவர் பாய் தோளில் சாய்ந்து புலம்பினார். "நாத்தம் போவணும்னு நான் என்னென்னமோ பண்ணேனே பாய். மொட்டமாடியில அந்தக் காத்துப் பைப்பு வாயைக்கூட முந்தாநாள் சாக்கு வச்சு இறுக்கிக் கட்டினேனே. அதுக்கப்புறம் சுத்தமா நாத்தமே இல்லியே."

என் பிடி தானாக விட்டுப்போயிற்று. செப்டிக் டேங்கிலிருந்து மாடிக்குப் போகிற அந்தக் குழாய் எதற்கு இருக்கிறது? டேங்கில் ஊறும் காற்று வானத்துக்குப் போவதற்கு. அந்த வாயையும் கட்டிவிட்டால் அது எங்கே போகும்? காய்ந்த வளைவு ஒன்றுதான் அதற்குத் திறந்திருந்த வழி. இத்தனை நாள் கொஞ்சம் கொஞ்சமாகக் கசிந்தது, இரண்டு நாளாக மொத்தமும் அந்த அறைக்குள் வந்திருக்கிறது. அவர் முகத்தைப் பார்த்தேன். அவருக்கு ஒன்றும் புரிந்திருக்கவில்லை. பாய்க்கும் புரியவில்லை.

காற்று போன பிறகு கதவை உடைத்தார்கள். அத்தையின் உடம்பு ஆறிவிட்டிருந்தது. தெரு டாக்டர் வந்து பார்த்து, வயசு, சர்க்கரை என்று நெஞ்சடைப்பு எழுதிக் கொடுத்தார். கூட்டம் சேர்ந்து வீடு அமளியாக இருந்தபோது, நான் மொட்டைமாடிக்கு ஏறினேன். பைப்பின் வாயில் சாக்கு, அதன்மேல் பாலிதீன், அதன்மேல் சைக்கிள் டியூபை நாலு சுற்றுச் சுற்றி இறுக்கியிருந்தார். எதையும் ஒழுங்காகச் செய்கிற மனிதர். பல்லால் கடித்து அவிழ்த்தேன். எல்லாவற்றையும் சுருட்டிப் பின்பக்கம் குப்பையில் போட்டு, மேலே நாலு மட்டையைத் தள்ளினேன்.

அத்தையை எடுத்து முடித்து எல்லோரும் தலைமுழுகிவிட்டு வந்து கூடத்தில் உட்கார்ந்தார்கள். யாருக்கும் பெரிய அதிர்ச்சி இல்லை. "புருஷன் வந்து கூட்டிக்கிட்டுப் போயிட்டாரு. குடுத்து வச்ச மவராசி" என்றார் பெரிய நாத்தனார். நல்லூர் சித்தப்பா தலையாட்டினார். ராஜாங்கம் பஞ்சாங்கத்தை மூடினார்.

"சதயம். மறுபடியும் ஆறு மாசம் அடைப்புதான். அதே அறை. இந்தத் தடவ சாவி வூட்டுல இருக்கக் கூடாது."

அறிவழகன் எழுந்தார். அழுது வீங்கிய முகத்தோடு, உடைந்த தாழ்ப்பாளுக்குப் பதில் புதுசு வாங்கி வருகிறேன் என்று சட்டையை மாட்டினார். அந்த அறைக்கு நாலடி தள்ளித்தான் அவர் தினமும் படுக்கிறார்.

"மாமா யாரையும் கூப்புடல" என்றேன்.

கூடம் முழுக்கத் திரும்பியது. நான் சொன்னேன். இரண்டு அங்குலம் நிற்க வேண்டிய தண்ணீர் அந்தக் கோப்பையில் ஒன்றேகால்தான் நிற்கும் என்று. நல்ல கோப்பையாக இருந்திருந்தால் இவ்வளவு சீக்கிரம் வற்றியிருக்காது, வற்றியதும் அந்த வழியாக விஷக்காற்று வந்தது, அத்தை தினமும் உள்ளே போய்ப் படுத்தார், அதில்தான் செத்தார் என்று. ராஜாங்கம் ஏதோ சொல்ல வாயெடுத்தார். அறிவழகன் கையைக் காட்டி நிறுத்தினார்.

"அது கொறயுள்ளதுன்னு உனக்குத் தெரியுமா?"

"தெரியும்."

"தெரிஞ்சுதான் எங்கப்பனுக்குக் கொண்டாந்து வச்சியா?"

"தெரிஞ்சுதாங்க."

"வேற எதனா காரணம் இருக்குதா? எல்லாம் அந்தக் கோப்பையாலதானா?"

அவர் கண் என் கண்ணை விட்டு அகலவில்லை. சிவப்பு இன்னும் போகாத கண். வேறு காரணம் என் நாக்கு நுனியில் இருந்தது. சொன்னால் அறை வாங்கிய கன்னத்துக்கு நியாயம் கிடைத்திருக்கும். ஆனால் அதற்குப் பிறகு இந்த மனிதர் ஒரு வாய் சோறு தின்பாரா, ஒரு நாள் கண்ணை மூடுவாரா என்று யோசித்துப் பார்த்தேன்.

"எல்லாம் அதாலதான்" என்றேன்.

அவர் கடப்பாரையை எடுத்துக்கொண்டு அந்தப் பாத்ரூமுக்குள் போனார். பீங்கான் உடையும் சத்தம் வெகுநேரம் கேட்டது. திறந்து கிடந்த குழாய் வாயை நான் சிமெண்டு வைத்து அடைத்தேன். அறையை யாரும் பூட்டவில்லை. எட்டு மாதம் ஆகிறது. ஒரே வீட்டில்தான் இருக்கிறோம், நான் சமைப்பதைச் சாப்பிடுகிறார். ஒரே ஒரு தடவை, தீபாவளியன்று, "உன் கையாலதான் எங்கம்மா போச்சு" என்றார். ஆமாங்க என்றேன்.